கற்பிக்கும் பொறியும் கற்போர் பிழையும்: கல்வித் தொழில்நுட்பத்தின் பின்னுள்ள கற்றல் கோட்பாடுகள்

1. முன்னுரை

கல்வியில் பயன்படும் ஒவ்வொரு கருவியும் கற்றல் எவ்வாறு நிகழ்கிறது என்னும் வினாவுக்கு ஒரு விடையைத் தன்னுள் கொண்டுள்ளது. அவ்விடை பெரும்பாலும் வெளிப்படையாகக் கூறப்படுவதில்லை. கற்பவர் சரியாகச் செய்யும்போது எல்லாக் கருவிகளும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இயங்குகின்றன. அவர் பிழை செய்யும்போதுதான் ஒவ்வொன்றும் தன் கோட்பாட்டை வெளிக்காட்டுகிறது. ஆகவே, கல்வித் தொழில்நுட்பத்தின் வரலாற்றைக் கற்போர் பிழையை அது நடத்திய முறையின் வரலாறாகவும் காண இயலும்.

தமிழ் வினைமுற்றுகளின் இறந்தகால வடிவங்களைப் பயிற்றும் ஒரு பாடத்தை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 'கேள்' என்னும் வினைக்குத் தன்மை ஒருமை இறந்தகால வடிவம் கேட்கப்படும்போது, தமிழை இரண்டாம் மொழியாகக் கற்கும் ஒருவர் 'கேள்த்தேன்' என எழுதுகிறார் எனக் கொள்வோம். 'படி' என்னும் வினைக்கு ஒரு தமிழ்ச் சிறுவன் 'படிச்சேன்' என எழுதுகிறான். மற்றொருவர் 'படித்தேன்' என எழுத முனைந்து, விசை மாறிப் 'படத்தேன்' எனத் தட்டச்சிடுகிறார். விடைப்பட்டியலோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் கருவிக்கு இம்மூன்றும் ஒரே தன்மையன. மூன்றுக்கும் 'தவறு' என்பதே அதன் தீர்ப்பு.

மொழியியல் நோக்கில் இவை மூன்றும் மூன்று வேறு நிகழ்ச்சிகள். 'கேள்த்தேன்' என்பது விதியறிவின் விளைவு. 'படிச்சேன்' என்பது மற்றொரு வழக்கின் சரியான வடிவம். 'படத்தேன்' என்பது கைத்தவறு. இவ்வேறுபாட்டைக் காணும் ஆற்றல் கருவிகளுக்கு எப்போது, எக்கோட்பாட்டின் வழி வந்தது, எங்கே வராமல் போயிற்று என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. மேற்கண்ட மூன்று வடிவங்களும் கட்டுரை முழுவதும் அளவுகோலாகக் கொள்ளப்படுகின்றன.

2. விளைவு விதியும் முதற்பொறியும்

அமெரிக்க உளவியலார் எட்வர்டு தார்ன்டைக், பூட்டிய கூண்டுகளிலிருந்து பூனைகள் வெளியேறக் கற்கும் முறையை ஆராய்ந்து 1898-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். நிறைவு தரும் விளைவைப் பெறும் செயல் வலுப்பெறுகிறது. பெறாதது வலுவிழக்கிறது என்பது அவர் வகுத்த விளைவு விதியின் சாரம். 1912-இல் வெளியான தம் கல்வி பற்றிய நூலில் அவர் ஒரு கற்பனையையும் முன்வைத்தார். முதற்பக்கத்தில் கூறியதைச் செய்து முடித்தவர்க்கு மட்டுமே இரண்டாம் பக்கம் புலப்படும் வகையில் ஒரு நூலை இயந்திர நுட்பத்தால் அமைக்க முடியுமானால், ஆசிரியர் நேரில் செய்யும் பணியின் பெரும்பகுதியை அச்சே செய்துவிடும் என அவர் கருதினார்.

இக்கற்பனைக்கு உருவம் கொடுத்தவர் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிட்னி பிரெஸ்ஸி. முதல் உலகப்போரின்போது அமெரிக்கப் படையில் பெருந்திரளானோர்க்கு அறிவுத்திறன் தேர்வுகள் நடத்தப்பட்டன. அதன் பின்னர்ப் பள்ளிகளிலும் பலவுள் தேர்வு வினாக்கள் பரவின. அவற்றைத் திருத்தும் சுமையைக் குறைப்பதே பிரெஸ்ஸியின் முதல் நோக்கம். 1926-இல் அவர் விவரித்த கருவியில் ஒரு சாளரமும் நான்கு விசைகளும் இருந்தன. சாளரத்தில் வினாவும் நான்கு விடைகளும் தோன்றும். பின்புறமுள்ள நெம்புகோலை மாற்றியமைத்தால் தேர்வுக் கருவி கற்பிக்கும் கருவியாகிவிடும். சரியான விசையை அழுத்தும்வரை அடுத்த வினா தோன்றாது. கற்பவர் இறுதியாக அழுத்துவது எப்போதும் சரியான விசையே ஆதலால் அண்மை, மிகுதி ஆகிய விதிகளின்படி அவ்விடையே மனத்தில் நிலைபெறும் என்பது பிரெஸ்ஸியின் விளக்கம்.

இக்கருவியில் பிழை எண்ணப்படுகிறது, வழியடைத்து நிறுத்தவும் படுகிறது, ஆனால் ஆராயப்படுவதில்லை. அதனினும் குறிப்பிடத்தக்கது, கற்பவர் தமக்கே உரிய பிழையைச் செய்ய இக்கருவியில் இடமில்லை என்பதாகும். வினாவை அமைத்தவர் எண்ணிப் பார்த்த பிழைகளுள் ஒன்றைத்தான் அவர் தேர்ந்தெடுக்க இயலும். நான்கு விடைகளுள் 'கேள்த்தேன்' இடம்பெறவில்லையெனில் அக்கற்பவரின் மனத்தில் உருவான விதி எவருக்கும் தெரியாமலே போய்விடும். பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவே, போதிய ஆதரவு கிட்டாத நிலையில், 1932-இல் பிரெஸ்ஸி இம்முயற்சியைக் கைவிட்டார். பலவுள் தேர்வு வடிவமோ நிலைத்துவிட்டது.

3. பிழை நிகழாப் பாதை

பி. எஃப். ஸ்கின்னர் 1953-இல் தம் மகளின் கணக்கு வகுப்பைப் பார்வையிட்டார். மாணவர்கள் தம் விடை சரியா என்பதை அறிய நெடுநேரம் காத்திருக்க வேண்டியிருந்ததும், விரைவாக முடித்தவரும் பின்தங்கியவரும் ஒரே வேகத்தில் செல்ல வேண்டியிருந்ததும் அவருக்குக் குறைகளாகப் பட்டன. 1954-இல் வெளியிட்ட கட்டுரையிலும், 1958-இல் கற்பிக்கும் பொறிகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலும் அவர் ஒரு புதிய முறையை வகுத்தார். பாடம் மிகச் சிறிய படிகளாகப் பகுக்கப்படும். கற்பவர் ஒவ்வொரு படியிலும் விடையைத் தாமே எழுதுவார். நெம்புகோலை நகர்த்தியதும் அவர் எழுதியது மாற்ற முடியாதவாறு ஒளிபுகு தகட்டின்கீழ்ச் செல்ல, சரியான விடை தோன்றும். உடனடி வலுவூட்டல் என்பதே இதன் அடிப்படை.

பிரெஸ்ஸியின் பலவுள் தேர்வு முறையை ஸ்கின்னர் ஏற்கவில்லை. தவறான விடைகளைக் கண்முன் வைப்பது தவறான துலங்கல்களைத் தூண்டும் என அவர் கருதினார். நன்கமைந்த பாடத்தில் பிழை அரிதாகவே நிகழ வேண்டும். நிகழ்ந்தால் அது பாடத்தை அமைத்தவரின் குறை. இக்கருத்தில் உள்ள மனிதநேயத்தை மறுத்தல் இயலாது. பிழைக்காக மாணவரைத் தண்டித்து வந்த வகுப்பறை மரபுக்கு எதிராக, பிழையின் பொறுப்பை ஆசிரியர் பக்கம் மாற்றிய கோட்பாடு இது.

எனினும் இதற்கு ஒரு விலை இருந்தது. 'கேட்டேன்' என்னும் வடிவத்தை இம்முறையில் கற்பிப்பவர், முதலில் முழு வடிவத்தைக் காட்டி, அடுத்த படியில் ஓரெழுத்தையும், அதற்கடுத்த படியில் ஈரெழுத்தையும் நீக்கி நிரப்பச் செய்வார். கற்பவர் 'கேள்த்தேன்' என எழுதும் வாய்ப்பே எழாது. 'பார்த்தேன்', 'படித்தேன்' ஆகியவற்றிலிருந்து அவர் ஒரு பொதுவிதியை ஊகித்தாரா என்பதும் தெரியாது. பிழையைத் தடுக்கும் பாதை, கற்பவர் தாமாகச் செய்து பார்க்கும் ஊகத்தையும் சேர்த்தே தடுத்துவிடுகிறது.

இதே காலத்தில் அமெரிக்க விமானப் படையினர்க்குப் பழுதுபார்க்கும் பயிற்சி அளித்துவந்த நார்மன் கிரௌடர் வேறொரு வழியை மேற்கொண்டார். அவர் அமைத்த கிளைவழிப் பாடங்களில் ஒவ்வொரு தவறான விடையும் ஒரு தனிப் பக்கத்துக்கு இட்டுச் செல்லும். அப்பக்கத்தில் அவ்விடை ஏன் பொருந்தாது என விளக்கப்பட்டு, கற்பவர் மீண்டும் வினாவுக்கு அனுப்பப்படுவார். பிழைக்குக் காரணம் உண்டு என்பதைப் பாட அமைப்பிலேயே ஏற்றுக்கொண்ட முயற்சி இது. ஆயினும், கிளைகளும் பாடம் அமைத்தவர் முன்கூட்டி எண்ணிய பிழைகளுக்கு மட்டுமே அமைந்தன.

4. மொழி ஆய்வுக்கூடம்

மொழிக் கற்பித்தலில் நடத்தைக் கொள்கையின் நிலைக்களமாக அமைந்தது மொழி ஆய்வுக்கூடம். லெனார்டு புளூம்ஃபீல்டு 1933-இல் வெளியிட்ட தம் நூலில் பேச்சைத் தூண்டல், துலங்கல் என்னும் சொற்களால் விளக்கியிருந்தார். இரண்டாம் உலகப்போரின்போது, 1943-இல் தொடங்கிய அமெரிக்கப் படைப் பயிற்சித் திட்டத்தில் அமைப்பு மொழியியலாரின் முறைகள் பயன்பட்டன. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஃபிரைஸ் ஆங்கிலத்தை வாக்கிய அமைப்புகளின் பயிற்சியாகக் கற்பித்தார். ராபர்ட் லேடோ 1957-இல் வெளியிட்ட நூலில், தாய்மொழியையும் கற்கும் மொழியையும் உறழ்ந்து நோக்கினால் கற்போர்க்கு எங்கே இடர்ப்பாடு எழும் என்பதை முன்னறியலாம் என்றார். நெல்சன் புரூக்ஸ் 1960-இல் வெளியிட்ட நூல் கேட்டல்-பேசல் முறைக்கு வழிகாட்டியாயிற்று.

1957 அக்டோபர் 4 அன்று சோவியத் நாடு ஸ்புட்னிக்கை ஏவியது. அதன் எதிரொலியாக 1958-இல் இயற்றப்பட்ட அமெரிக்கத் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம், அறிவியல், கணிதம் ஆகியவற்றோடு அயல்மொழிக் கல்விக்கான கருவிகளுக்கும் நிதி வழங்கியது. ஒலிநாடாவும் தடுப்பறைகளும் காதணி ஒலிபெருக்கிகளும் கொண்ட கூடங்கள் பள்ளிகள்தோறும் பெருகின. அவற்றில் வழங்கிய பயிற்சி நான்கு கட்டங்களைக் கொண்டது: நாடாவில் தூண்டல் ஒலிக்கும், கற்பவர் விடையளிக்க இடைவெளி வரும், சரியான விடை ஒலிக்கும், அதனைத் திரும்பச் சொல்ல மீண்டும் இடைவெளி வரும். 'நான் ஊருக்குப் போகிறேன்' என்று நாடா கூறி 'அவன்' எனத் தூண்டினால், 'அவன் ஊருக்குப் போகிறான்' என்று கற்பவர் கூற வேண்டும். ஊர் எது, அவன் யார் என்பன இங்குத் தேவைப்படுவதில்லை.

ஸ்கின்னரின் பொறிக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. நாடா கற்பவரைக் கேட்பதில்லை. சரியான ஒலியோடு தம் ஒலியை ஒப்பிட்டுப் பிழையைக் கண்டறியும் பொறுப்பு கற்பவரிடமே விடப்பட்டது. லகர, ளகர, ழகரங்களை வேறுபடுத்திக் கேட்கப் பழகாத ஒருவர் 'பழம்' என்பதைப் 'பளம்' என ஒலித்துவிட்டு, நாடாவின் ஒலியும் தம் ஒலியும் ஒன்றே என நிறைவடைவார். எந்த வேறுபாட்டை அவருக்குக் கற்பிக்க வேண்டுமோ அந்த வேறுபாட்டை அவர் முன்பே அறிந்திருந்தாலன்றிக் கருவி பயன்படாது. ஆசிரியர் இணைப்பின் வழி ஒவ்வொருவரையும் கேட்டுத் திருத்திய கூடங்களில் இக்குறை ஓரளவு நீங்கியது. அங்கே திருத்தியது பொறியன்று, ஆசிரியரே.

5. மறுப்பும் பிழையின் மதிப்பீட்டு மாற்றமும்

ஸ்கின்னர் 1957-இல் வெளியிட்ட மொழி நடத்தை பற்றிய நூலுக்கு நோம் சாம்ஸ்கி 1959-இல் விரிவான மதிப்புரை எழுதினார். ஆய்வகத்தில் வரையறுத்த பொருள் கொண்டிருந்த தூண்டல், துலங்கல், வலுவூட்டல் ஆகிய சொற்கள் மனிதப் பேச்சுக்கு நீட்டிக்கப்படும்போது அவ்வரையறையை இழந்து வெறும் உருவகங்களாகிவிடுகின்றன என்பது அவர் வாதம். ஒருவர் முன்பு கேட்டிராத வாக்கியங்களைப் படைக்கவும் புரிந்துகொள்ளவும் வல்லவராயிருப்பதைப் பழக்கம் என்னும் கருத்தால் விளக்க இயலாது. 1966-இல் மொழியாசிரியர் மாநாடொன்றில் பேசிய சாம்ஸ்கி, மொழியியலும் உளவியலும் மொழிக் கற்பித்தலுக்கு உறுதியான வழிகாட்ட வல்லன என்பதிலேயே தமக்கு ஐயமுண்டு என்றும் தெரிவித்தார்.

வகுப்பறைச் சான்றுகளும் ஆய்வுக்கூடத்துக்குச் சாதகமாக அமையவில்லை. 1963-இல் வெளிவந்த கீட்டிங்கின் அறிக்கை, கூடத்தைப் பயன்படுத்திய மாணவர் பிறரினும் மேம்பட்டிருக்கவில்லை எனக் கூறியது. பென்சில்வேனியா மாநிலப் பள்ளிகளில் பிரெஞ்சு, ஜெர்மன் மாணவரிடையே 1960-களின் பிற்பகுதியில் நடந்த பேராய்வும், வாரம் இருமுறை கூடத்தைப் பயன்படுத்தியதால் குறிப்பிடத்தக்க பயன் விளையவில்லை என்னும் முடிவையே தந்தது. இவ்வாய்வுகளின் முறைகள் பற்றிக் கடும் விவாதம் எழுந்தபோதிலும், கூடங்களின் மீதிருந்த நம்பிக்கை குன்றியது.

பிழை பற்றிய பார்வையைத் திருப்பியவர் பிட் கார்டர். 1967-இல் வெளியான கட்டுரையில் அவர் இருவகைத் தவறுகளைப் பிரித்தார். களைப்பு, கவனக்குறைவு முதலியவற்றால் நேர்வது ஒருவகை. அது கற்பவரின் மொழியறிவைப் பற்றி எதுவும் கூறுவதில்லை. மற்றது கற்பவர் அந்நிலையில் கொண்டுள்ள விதிகளிலிருந்து முறையாக எழுவது. அது அவர் எவ்வளவு கற்றுள்ளார், எவ்வழியில் கற்கிறார் என்பதற்குச் சான்று. 1972-இல் லாரி செலிங்கர், கற்பவரின் மொழிக்கு இடைமொழி எனப் பெயரிட்டு அதனைத் தனக்கென ஒழுங்கு கொண்ட அமைப்பாகக் கண்டார்.

இப்பார்வையில் 'படத்தேன்' முதல்வகை. 'கேள்த்தேன்' இரண்டாம் வகை. பின்னதைப் பகுத்து நோக்கினால் கற்பவரின் அறிவு எவ்வளவு விரிந்தது என்பது விளங்கும். 'பார்', 'படி' போன்றவற்றோடு 'கேள்' ஒரே வினைத்திரிபு வகையில் அடங்கும் என்பதை அவர் அறிந்துள்ளார். இறந்தகாலம் காட்டத் தகரம் இரட்டித்து வரும் என்பதையும், தன்மை ஒருமை விகுதி 'ஏன்' என்பதையும் அறிந்துள்ளார். அவர் அறியாதது ஒன்றே: ளகரமும் தகரமும் புணரும்போது டகர இரட்டையாகத் திரியும் என்னும் ஒலியன் விதி. இதே வகையான மற்றொரு விதியால்தான் 'கல்' என்பது 'கற்றேன்' ஆகிறது. ஆகவே அவருக்கு உதவ விரும்புபவர் 'கேட்டேன்' என்பதை நூறு முறை சொல்லச் செய்வதைவிட, 'கேள்–கேட்டேன்', 'கல்–கற்றேன்' ஆகியவற்றை அருகருகே வைத்தல் பயன்தரும். உறழ்வாய்வு இப்பிழையை முன்னறிந்திருக்காது என்பதும் குறிப்பிடத்தக்கது; இப்பிழை தாய்மொழியிலிருந்து வரவில்லை, தமிழின் உள்ளிருந்தே எழுந்தது.

6. கணிப்பொறியில் மூன்று கோட்பாடுகள்

மேற்கண்ட கோட்பாடுகள் ஒன்றையொன்று அகற்றிவிடவில்லை. அவை மூன்றும் கணிப்பொறிக்குள் ஒரே காலத்தில் குடியேறின.

முதலாவது, பயிற்சியும் வலுவூட்டலும். இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தில் டொனால்டு பிட்சர் 1960-இல் தொடங்கிய பிளேட்டோ என்னும் அமைப்பும், 1960-களில் ஸ்டான்ஃபோர்டில் பாட்ரிக் சப்பிஸ் உருவாக்கிய கணக்குப் பயிற்சிகளும் தனியாள் வேகத்துக்கு ஏற்பப் பாடத்தை நடத்தின. பிளேட்டோவின் மொழிப் பாடங்களில் விடையைச் சோதிக்கும் நுட்பம் குறிப்பிடத்தக்க வளர்ச்சி பெற்றது. எழுத்துப் பிழை, விடுபட்ட சொல், இடம் மாறிய சொல் ஆகியவற்றைத் திரையில் தனித்தனிக் குறிகளால் அது காட்டியது. பிழை எங்கே நேர்ந்தது எனக் காட்டும் நிலையைப் பொறி எட்டியது. ஏன் நேர்ந்தது எனக் காட்டும் நிலையை எட்டவில்லை.

இரண்டாவது, பிழையின் காரணத்தைத் தேடும் அறிதிறன் கோட்பாடு. ஜான் சீலி பிரௌனும் ரிச்சர்டு பர்ட்டனும் 1978-இல் கழித்தல் கணக்குகளில் நேரும் பிழைகளை ஆராய்ந்தனர். 52-இலிருந்து 27-ஐக் கழித்து 35 என எழுதும் மாணவர் கணக்கறியாதவர் அல்லர். ஒவ்வொரு நிரலிலும் சிறிய எண்ணைப் பெரிய எண்ணிலிருந்து கழிக்கும் ஒரு விதியைத் தவறாமல் பின்பற்றுபவர். அவ்விதியைக் கண்டறிந்தால் அவர் அடுத்த கணக்கில் தரப்போகும் தவறான விடையையும் முன்கூட்டிச் சொல்லிவிடலாம். கார்டர் மொழியில் கண்டதை இவர்கள் கணிப்பொறி நிரலாகவே எழுதிக் காட்டினர். 'கேள்த்தேன்' என எழுதியவர் 'கல்த்தேன்' எனவும் எழுதக்கூடும் என்று சொல்ல வல்ல மொழிப் பாடநிரலுக்கு முன்மாதிரி இதுவே.

மூன்றாவது, பிழையைக் கற்பவரிடமே ஒப்படைக்கும் கோட்பாடு. ஜெனீவாவில் ழான் பியாஜேயோடு பணியாற்றிய சீமோர் பாப்பெர்ட், அமெரிக்கா சென்றபின் வாலஸ் ஃபோயர்சைக், சிந்தியா சாலமன் முதலியோருடன் சேர்ந்து 1967-இல் லோகோ என்னும் நிரல்மொழியை உருவாக்கினார். குழந்தை தன் அறிவைத் தானே கட்டமைக்கிறது என்பது பியாஜேயின் கொள்கை. பொறி குழந்தைக்குக் கட்டளையிடுவதற்கு மாறாகக் குழந்தை பொறிக்குக் கட்டளையிட வேண்டும் எனப் பாப்பெர்ட் 1980-இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். சமபக்க முக்கோணம் வரைய விரும்பும் குழந்தை, ஒவ்வொரு முனையிலும் ஆமையை 60 பாகை திருப்பினால் ஆறுபக்க உருவமே தோன்றும். திருப்ப வேண்டியது 120 பாகை. இங்கே எவரும் 'தவறு' எனக் கூறுவதில்லை. எண்ணியதற்கும் விளைந்ததற்கும் உள்ள வேறுபாடு திரையிலேயே நிற்கிறது; குழந்தை காரணத்தைத் தேடித் திருத்துகிறது. லோகோவால் வளரும் எனக் கூறப்பட்ட பொதுச் சிந்தனைத் திறன் பிற பணிகளுக்குத் தானே பரவவில்லை என ராய் பீ, மிடியன் குர்லாண்டு ஆகியோரின் ஆய்வு 1984-இல் காட்டியது. எனினும், பிழையைப் பழுதுபார்க்கத்தக்க பொருளாக அமைத்த பெருமை லோகோவுக்கு உண்டு.

மொழியில் இதனை அப்படியே செயற்படுத்துதல் எளிதன்று. ஆமை தவறான வழியில் சென்றால் கண்ணுக்குப் புலப்படும்; 'கேள்த்தேன்' என்பது பொறியிடம் எவ்விளைவையும் உண்டாக்காது. மொழியில் பிழையின் விளைவு மற்றொரு மனிதரிடத்தில்தான் தோன்றுகிறது. 1934-இல் மறைந்த லெவ் வைகாட்ஸ்கியின் எழுத்துகள் 1962, 1978 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த ஆங்கில நூல்கள் வழிப் பரவியபோது இக்கருத்து வலுப்பெற்றது. ஒரு குழந்தை தனித்துச் செய்ய வல்லதற்கும் அறிந்தவர் துணையோடு செய்ய வல்லதற்கும் இடைப்பட்ட பரப்பிலேயே கற்றல் நிகழ்கிறது என்பது அவர் கொள்கை. இதன்படி பொறியின் இடம் இருவருக்கு இடையில். அவர்களுள் ஒருவரின் இடத்தில் அன்று.

7. இந்திய அனுபவம்

இந்தியாவில் கல்வித் தொழில்நுட்பம் பெரும்பாலும் பரப்புதல் என்னும் நோக்கத்தோடு தொடங்கியது. 1975 ஆகஸ்டு 1 முதல் 1976 ஜூலை 31 வரை நடைபெற்ற செயற்கைக்கோள் வழித் தொலைக்காட்சிக் கல்விப் பரிசோதனை, ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களை எட்டியது. இந்தி, ஒரியா, கன்னடம், தெலுங்கு ஆகிய மொழிகளில் பள்ளிக் குழந்தைகளுக்கான நிகழ்ச்சிகள் காலையில் ஒளிபரப்பாயின. மின்வசதியும் சாலையும் குறைந்த ஊர்களுக்குக் கல்வியைக் கொண்டுசென்ற இம்முயற்சியின் அருமை பெரிது. ஆயின், ஒளிபரப்பு ஒருவழிப்பாதை. பார்த்த குழந்தை எதைப் பிழையாகப் புரிந்துகொண்டது என்பது நிகழ்ச்சி நடக்கும் வேளையில் அனுப்பியவர்க்குத் தெரிய வழியில்லை. பிழையே புலப்படாத தொழில்நுட்பம் இது.

1969-இல் மைசூரில் நிறுவப்பட்ட இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம், தன் மண்டல மொழி மையங்கள் வழிப் பள்ளியாசிரியர்களுக்கு அவர்தம் தாய்மொழியல்லாத இந்திய மொழிகளைக் கற்பித்து வந்தது. மொழி ஆய்வுக்கூடமும் அமைப்புப் பயிற்சிகளும் அங்கு இடம்பெற்றன. மேலைநாடுகளில் அக்கூடத்தின் கோட்பாடு மறுக்கப்பட்ட பின்னரே அது இங்கு வேரூன்றியது என்பது கருதத்தக்கது. கருவியும் கோட்பாடும் ஒரே வேகத்தில் பயணம் செய்வதில்லை.

இதற்கு மாறான ஒரு முயற்சி எவ்விதக் கருவியுமின்றி நிகழ்ந்தது. தென்னிந்தியப் பள்ளிகளில் 1950-கள் முதல் ஆங்கிலம் வாக்கிய அமைப்புகளின் வரிசையில் கற்பிக்கப்பட்டு வந்தது. என். எஸ். பிரபுவின் தலைமையில் 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை உள்ளிட்ட இடங்களில் நடந்த கற்பித்தல் திட்டம் இவ்வரிசையைக் கைவிட்டது. புகைவண்டி நேர அட்டவணை, ஊர்ப்படம் முதலியவற்றைக் கொண்டு மாணவர்கள் ஊகித்து விடைகாணும் பணிகளில் ஈடுபட்டனர். கவனம் பொருளின் மீதிருந்தால் இலக்கணம் தானே அமையும் என்பது அதன் அடிப்படை. மாணவர் விடையில் மொழிப்பிழை இருந்தால் ஆசிரியர் பாடத்தை நிறுத்தி விளக்குவதில்லை. விடையை ஏற்று, அதனைச் சரியான வடிவில் தாம் ஒருமுறை கூறி மேற்செல்வார். இத்தகைய மறைமுகத் திருத்தத்தைக் கற்பவர் எந்த அளவுக்கு உணர்கின்றனர் என்பது பின்னர் ஆராயப்பட்டது. கனடாவின் பிரெஞ்சு வகுப்புகளை ஆராய்ந்த ராய் லிஸ்டரும் லெய்லா ராண்டாவும், ஆசிரியர்கள் மிகுதியாகக் கையாண்டது இம்முறையே எனினும் மாணவர்கள் தாமே தம் விடையைத் திருத்த முனைந்தது இதன்பின் குறைவே என 1997-இல் காட்டினர். ஆகவே பிழையை விட்டுவிடுவதா, சுட்டுவதா என்னும் வினா முடிந்துவிட்டதாகக் கொள்ள இயலாது. ஆயினும் ஒன்று தெளிவு. கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் மட்டுமே கொண்ட ஒரு வகுப்பறை, கோட்பாட்டு நிலையில் தன் காலத்துப் பொறிகள் பலவற்றுக்கு முன்னே நின்றது.

1984-85-இல் பள்ளிகளில் கணிப்பொறி அறிவுத் திட்டம் தொடங்கியபோது பிபிசி மைக்ரோ கணிப்பொறிகள் மாணவர்க்கு அறிமுகமாயின. அங்கே கணிப்பொறி கற்கப்படும் பொருளாகவே பெரிதும் இருந்தது. கற்றலைப் பற்றிய கோட்பாடு எதுவும் அதனோடு வலுவாக இணையவில்லை.

8. தமிழும் இன்றைய கருவிகளும்

2001-இல் தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம், 2017-இல் தொடங்கிய தீக்ஷா தளம், 2019-இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி எனக் கருவிகள் பெருகியுள்ளன. 2020-இல் கொரோனாத் தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது கைப்பேசியே பல குழந்தைகளின் வகுப்பறையாயிற்று. மொழி கற்பிக்கும் செயலிகள் பலவற்றில் திரை புதிது, வடிவம் பழையது. வினா, நான்கு விடைகள், சரியெனில் ஒரு மணியோசையும் மதிப்பெண்ணும், தவறெனில் மீண்டும் அதே வினா என்னும் அமைப்பில் 1926-இன் நான்கு விசைகளையும் 1954-இன் உடனடி வலுவூட்டலையும் அடையாளம் காணலாம். சொற்பொருளை நினைவிற்கொள்ளுதல் போன்ற பணிகளுக்கு இவ்வடிவம் பயன்படுகிறது என்பதை மறுக்க வேண்டியதில்லை. மொழியறிவு முழுவதையும் இவ்வடிவத்துக்குள் அடக்க முனைவதே இடர்ப்பாடு.

அவ்விடர்ப்பாடு தமிழில் பெரிதாகிறது. சார்லஸ் ஃபெர்கூசன் 1959-இல் விளக்கிய இரட்டைவழக்கு நிலை தமிழில் ஆழ வேரூன்றியது. எவரும் வீட்டில் 'படித்தேன்' எனப் பேசுவதில்லை. பள்ளிக்கு வரும் குழந்தை 'படிச்சேன்' என்பதையே அறிந்து வருகிறது. அவ்வடிவத்தில் தகரம் அண்ணச் சாயல் பெற்றுச் சகரமாவது ஒழுங்கான ஒலிமாற்றம். 'அடிச்சேன்', 'சிரிச்சேன்', 'குடிச்சேன்' எனத் தொடர்ந்து வருவது. எழுத்து வழக்கைக் கற்பித்தல் பள்ளியின் கடமையே. ஆயின், 'இது பேச்சு வழக்கு. எழுத்து வழக்கில் இவ்வாறு வரும்' எனக் கூறும் ஆசிரியருக்கும், சிவப்புக் குறியிட்டு மதிப்பெண்ணைக் குறைக்கும் கருவிக்கும் இடையே பெரும் வேறுபாடு உண்டு. முன்னவர் குழந்தைக்கு இரண்டு வழக்குகள் உள்ளன என்பதைக் கற்பிக்கிறார். பின்னது அதன் வீட்டு மொழி பிழை என்பதைக் கற்பிக்கிறது. குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கு வரும் குழந்தைக்கும், வேறொரு மொழியை வீட்டில் பேசும் பழங்குடிக் குழந்தைக்கும் இப்பாடம் எழுத்துப் பாடத்தைவிட விரைவாக மனத்தில் பதியும்.

2022-இன் இறுதி முதல் பொதுவழக்கிற்கு வந்துள்ள பெருமொழி மாதிரிகள் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் நிலையைக் கடந்துள்ளன. விடையை ஏற்கவும், திருத்தவும், காரணம் கூறவும் அவற்றால் இயலும். ஆனால் அவை கற்பது பதிவான உரைகளிலிருந்து. தமிழில் பேச்சு வழக்குகளைவிட எழுத்து வழக்கே மிகுதியாகப் பதிவாகியுள்ளது. மேலும், சரியான விடையைத் தருதல் வேறு. இக்கற்பவர் எவ்விதியால் இவ்விடைக்கு வந்தார் என ஆராய்தல் வேறு. பின்னதை ஒரு கருவி செய்யுமா என்பது அதன் ஆற்றலை மட்டும் பொறுத்ததன்று. அதனை அமைப்பவர் பிழையை எவ்வாறு கருதுகிறார் என்பதையும் பொறுத்தது.

9. முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

கல்விப் பொறிகளின் வரலாறு பழைய கோட்பாடு நீங்கிப் புதியது வந்த நேர்கோட்டு வரலாறன்று. ஆய்வுலகில் மறுக்கப்பட்ட கோட்பாடு கருவியின் அமைப்பில் தொடர்ந்து வாழ்கிறது. சோதிப்பதற்கு எளிதான விடைவடிவத்தைப் பொறி விரும்புவதே இதற்குக் காரணம்.

பிழை எண்ணப்பட்டது, தடுக்கப்பட்டது, இடம் சுட்டப்பட்டது, காரணம் ஆராயப்பட்டது என்னும் நான்கு நிலைகள் இவ்வரலாற்றில் உள்ளன. நான்காம் நிலைக்கு வேண்டிய அறிவு 1967-க்கும் 1978-க்கும் இடையிலேயே உருவாகிவிட்டது. அதனைத் தமிழ்க் கல்விக் கருவிகளில் பயன்படுத்துதல் மொழியியலாரின் துணையின்றி இயலாது.

தமிழுக்கான கருவி ஒன்றை ஏற்குமுன் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். கைத்தவறையும் விதிப்பிழையையும் அது வேறுபடுத்துகிறதா? பேச்சு வழக்கின் வடிவத்தைப் பிழை எனக் கூறாமல் பேச்சு வழக்கு எனக் கூறுகிறதா? கற்பவர் தந்த தவறான விடைகளைச் சேமித்து ஆசிரியர் பார்வைக்கு வைக்கிறதா? இவற்றுள் மூன்றாவது இன்றைய நுட்பத்தால் மிக எளிதாகச் செய்யத்தக்கது. 'கேள்த்தேன்' என்பதற்கு அருகில் ஒரு சுழியம் மட்டும் பதிவாகி, அவ்வடிவம் அழிந்துபோகுமானால், அக்கற்பவருக்கு அடுத்து எதைக் கற்பிக்க வேண்டும் என்பதை அறிய ஆசிரியருக்கு வேறு சான்று இல்லை.